கியர் எண்ணெய்: மெஷின் போட்டு ஃபிளஷ் செய்வதா, வடித்து ஊற்றுவதா? கூலன்ட் கேள்வியும் சேர்த்து

செந்தூல்வாசி
வெள்ளி, இரவு 10:14

வணக்கம். அப்பாவின் 2010 டொயோட்டா வியோஸ் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 4 ஸ்பீடு ஆட்டோ, மீட்டர் 148,000 கிலோமீட்டர். அப்பா மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மட்டும் நாள் தவறாமல் மாற்றுவார், கியர் எண்ணெயைப் பற்றிக் கேட்டால் "அதுல கை வைக்காதே, வெச்சா கியர்பாக்ஸ் போயிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆக அது ஒரு முறைகூட மாற்றப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்று பெங்கெல் (கார் பட்டறை) போனேன். டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு பார்க்கிற குச்சி) இழுத்து வெள்ளை டிஷ்யூவில் துடைத்துக் காட்டினார்கள், சிவப்பே இல்லை, ஊறிப்போன தேயிலை நிறம். மெஷின் போட்டு 12 லிட்டர் ஓட்டி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடலாம், 380 வெள்ளி ஆகும், கூடவே கூலன்ட்டுக்கும் (எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்) அதே மாதிரி ஒரு மெஷின் 150 வெள்ளிக்கு இருக்கிறது என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். காரில் இப்போதைக்கு ஒரு குறையும் இல்லை, கியர் வழுக்கவில்லை, இடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங்_பையன்
வெள்ளி, இரவு 10:31

ஓடுகிற கியர்பாக்ஸை ஏன் தொட வேண்டும்? என் மச்சான் இதே மாதிரி மெஷின் போட்டான். இரண்டே வாரம், காராக் மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. கடைசியில் ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களின் பாகம் விற்கிற கடை) பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் போட்டான். உங்கள் அப்பா சொன்னது சரிதான்.

பிறை_பட்டறை
சனி, காலை 6:50

தம்பி ஜெலுத்தோங், உங்கள் மச்சான் காரில் ஃபிளஷ் செய்வதற்கு முன்பு ஏதாவது தொல்லை இருந்ததா? இருந்திருக்கும். எங்கள் பட்டறைக்கு இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் 200,000 வரை எண்ணெயைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு "எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடுமா பாஸ்" என்று வருவார்கள். கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருந்த உராய்வுத்தாள் அதற்குள் தேய்ந்து கிடக்கும். புது எண்ணெய் போட்ட மறுவாரம் மொத்தமாகப் போகும், பழி எண்ணெய் மேல். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஆனால் உங்கள் அப்பா பயந்ததிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பல வருடம் மாற்றாத கியர்பாக்ஸில் பிளேட் தேய்ந்த தூள் பானின் (கியர்பாக்ஸுக்குக் கீழே உள்ள எண்ணெய்த் தட்டு) அடியிலும் வால்வ் பாடியின் சந்து பொந்துகளிலும் படிந்திருக்கும். வால்வ் பாடி என்பது ஒரு புற்று மாதிரி, உள்ளே விரல் நுழையாத கால்வாய்கள், அதன் வழியாக எண்ணெய் அழுத்தத்தில் ஓடித்தான் கியர் மாறுகிறது. கழுவும் சக்தி அதிகமுள்ள புது எண்ணெயை ஒரே மூச்சில் 12 லிட்டர் ஓட்டினால் படிந்தது கிளம்பி ஏதாவது ஒரு சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடுகிற வால்வு) வாயில் போய் உட்காரலாம். உட்காராமலும் போகலாம். அதைச் சூதாட்டமாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

செந்தூல் தம்பிக்கு: கார் நன்றாக ஓடுகிறது, மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். முதல் தடவை மெஷின் வேண்டாம். பானைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபில்டர் அதற்கு மேலேதான் இருக்கிறது, அதையும் கேஸ்கெட்டையும் மாற்றி, காந்தத்தைத் துடைத்து, வடிந்த அளவுக்கு மட்டும் புதிது ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி வடித்து ஊற்றுங்கள். அப்புறம் மூன்றாவது தடவை. மெஷின்காரர்கள் பானைத் திறப்பதே இல்லை, எனக்கு அவர்கள் மேல் இருக்கிற பெரிய குறை அதுதான். வீட்டைக் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குப்பைக்கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போகிற வேலை.

பூச்சோங்77
சனி, மதியம் 1:20

அண்ணே, நானும் பட்டறையில்தான் வேலை பார்க்கிறேன், எங்களிடம் மெஷின் இருக்கிறது, அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் உப்பைத் தூவிக்கொள்ளுங்கள். ஆனால் மெஷின் என்றால் எல்லாம் ஒன்றல்ல. வெளியிலிருந்து பம்ப் வைத்து அழுத்தித் தள்ளுகிற வகை ஒன்று, அதை நானும் தொட மாட்டேன். இன்னொரு வகையில் மெஷினுக்கென்று தனி அழுத்தமே கிடையாது. ரேடியேட்டருக்குப் போகிற கூலர் குழாயைக் கழற்றி நடுவில் மாட்டுகிறோம், எஞ்சினை ஓட்டினால் கியர்பாக்ஸின் சொந்தப் பம்பே பழையதை வெளியே தள்ளும், அதே அளவு புதியதை நாங்கள் உள்ளே விடுகிறோம். இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் கருப்பு, ஒன்றில் சிவப்பு, இரண்டும் ஒரே நிறமாகும்போது நிறுத்துகிறோம். தினமும் ரோட்டில் ஓடும்போது இருக்கிற அழுத்தம்தானே இதில்? எங்கிருந்து புதிதாகக் குப்பை கிளம்பும்?

வடித்து ஊற்றுவதில் டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) இருக்கிற எண்ணெய் வெளியே வராது. மொத்தத்தில் பாதிகூட மாறாது. பழைய மீன் குழம்பில் ஒரு கரண்டி புதுக் குழம்பு ஊற்றி "புதுசு" என்று பரிமாறுவது மாதிரி.

கெப்போங்_அக்கா
சனி, மாலை 4:05

ஒரு கரண்டி இல்லை தம்பி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் ஈ-ஹெய்லிங் (ஆப் வழி டாக்ஸி) ஓட்டுகிறேன், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிற ஆள்.

கியர்பாக்ஸுக்குள் மொத்தம் 6 லிட்டர் என்று வைப்போம், ஒரு தடவை வடித்தால் 2.5 லிட்டர் வருகிறது. முதல் தடவையில் புது எண்ணெய் 42 விழுக்காடு. மீதியோடு கலந்து ஓடி, இரண்டாவது தடவை வடித்து ஊற்றினால் 66. மூன்றாவதில் 80. நாலாவதில் 88. மூன்று தடவைக்கு மொத்தம் 7.5 லிட்டர் எண்ணெய், அவர்கள் மெஷினுக்குக் கேட்பது 12 லிட்டர். 80 விழுக்காட்டுக்கு மேல் துரத்திப் பிடிக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அடுத்து 40,000 ஓடியதும் ஒரு தடவை வடித்து ஊற்றினால் எண்ணெய் எப்போதும் பாதிக்கு மேல் நல்ல நிலையில்தான் இருக்கும். ஹோண்டா பட்டறை முறையும் இதுதானே, வடி, ஊற்று, ஓட்டு, மறுபடி வடி. என் பழைய சிட்டி அப்படித்தான் 310,000 வரை ஓடியது, விற்கும் நாள் வரை கியர்பாக்ஸைத் திறக்கவில்லை.

"லைஃப்டைம் எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் யாருடைய லைஃப் என்று கேளுங்கள். பிஎம்டபிள்யூவுக்கு ஆட்டோ கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. அது குளிர்நாட்டுக் கம்பெனி. நாம் ஜாலான் ஈப்போ ஜாமில் மதியம் 2 மணிக்கு டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கிறோம், டார்க் கன்வெர்ட்டர் உள்ளே எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கிறது.

ஜெலுத்தோங்_பையன்
சனி, மாலை 4:40

சரி சரி, மச்சானிடம் கேட்டேன். ஃபிளஷுக்கு முன்னாலேயே இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வழுக்கியதாம். என்னிடம் சொல்லவே இல்லை. பிறை அண்ணன் ஜெயித்தார்.

பிறை_பட்டறை
சனி, இரவு 9:15

பூச்சோங் தம்பி நேர்மையாகப் பேசுகிறார், அந்தக் கண்ணாடிக் குழாய் மெஷின் மேல் எனக்கும் பெரிய விரோதம் இல்லை. 40,000, 50,000 என்று ஒழுங்காக மாற்றி வந்த காருக்கு அது நல்ல வேலையே செய்யும். 148,000 வரை திறக்காத பெட்டிக்கு முதல் வேலையாக வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். இன்னொன்று, மெஷினில் என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள்? பல இடங்களில் பெரிய டிரம்மில் "எல்லாக் காருக்கும்" என்று ஒரே எண்ணெய். டொயோட்டாவின் டபிள்யூஎஸ் வேறு, பழைய டி-ஃபோர் வேறு, ஹோண்டாவின் டிடபிள்யூ-1 வேறு, சிவிடி (படிப்படியான கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோ) எண்ணெய் முற்றிலும் வேறு. உராய்வுக் கணக்கு மாறினால் கியர் விழுகிற தன்மையே மாறிவிடும். தம்பி, உங்கள் காருக்கு எது என்று மேனுவலில் இருக்கும், டிப்ஸ்டிக்கிலும் பாருங்கள், அந்தப் பெயர் போட்ட டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

செந்தூல்வாசி
ஞாயிறு, காலை 9:02

எல்லாருக்கும் நன்றி. கியர் விஷயம் புரிந்தது, பான் திறந்து வடிப்பதுதான். கூலன்ட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதுவும் மெஷின் வேண்டாமா? இன்று ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன் (கார் ஆறிய பிறகுதான், திட்டாதீர்கள்). ரோஸ் நிறம் இருக்க வேண்டும் என்று படித்தேன், இங்கே சாணித் தண்ணீர் மாதிரி இருக்கிறது. மூடிக்கு அடியில் துரு.

வெள்ளை_வீரா
ஞாயிறு, காலை 10:18

யாரோ பச்சைக் கூலன்ட்டை ரோஸில் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது வெறும் பைப் தண்ணீர். நம் ஊரில் பனி விழாது, கூலன்ட் எதற்கு, தண்ணீர் போதும் என்கிற பரம்பரை அது. என் அப்பாவும் அப்படித்தான். உறையாமல் இருப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். துரு பிடிக்காமல் வைப்பது, வாட்டர் பம்ப் சீலைக் காப்பது, கொதிநிலையை ஏற்றுவது, இதெல்லாம் இந்த ஊருக்குத்தான் அதிகம் தேவை. பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். அதே மூடியோடு வெறும் தண்ணீர் அதைவிடச் சில டிகிரி முன்னாலேயே கொதித்துவிடும்.

மெஷினைப் பற்றி என் அனுபவம். என் காருக்கு ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) மெஷினோடு துரு நீக்குகிற மருந்தும் ஊற்றிக் கழுவினார்கள். கழுவியது நன்றாகத்தான் கழுவியது. நாலாம் நாள் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேருகிற ஓரத்தில் கசிவு. அந்த இடத்தைத் துருவே அடைத்து வைத்திருந்ததாம். எப்படியும் ஒரு நாள் போகவேண்டியதுதான் என்று சமாதானம் சொன்னார்கள், இருக்கலாம், ஆனால் சுபாங் ஏர்போர்ட் ரோட்டில் மழையில் புகை கிளப்பிக்கொண்டு நின்றது நான்தானே.

பிறை_பட்டறை
ஞாயிறு, மதியம் 2:30

கூலன்ட் கதை வேறு. இரண்டுக்கும் ஃபிளஷ் என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால்தான் இத்தனை குழப்பம். கியர்பாக்ஸில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது, அதனால் கழுவ முடியாது, மாற்றத்தான் முடியும். கூலன்ட்டில் தண்ணீர் விட்டே கழுவலாம், அதற்கு மெஷின் எதற்கு?

ரேடியேட்டர் அடியில் இருக்கிற குழாயைத் திறந்தால் ஏறக்குறைய பாதிதான் வரும். மீதி எஞ்சின் பிளாக்கில் நிற்கும். பிளாக்கில் ஒரு வடிகால் போல்ட் இருக்கும், 15 வருடப் பழைய காரில் அதை முறுக்கப் பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வடித்து, சுத்தமான தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓட்டுங்கள். 80 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடுகிற வால்வு) திறக்கும். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், சுடும், அதுதான் அடையாளம். அணைத்து, ஆறவிட்டு, வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும் வரை இதே வேலை, சாணித் தண்ணீர் என்றால் நாலைந்து தடவை ஆகும். கடைசி இரண்டு தடவைக்குப் பைப் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றுகிற வாலைவடி நீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடம், பட்டறைக்காரர்களே கோட்டை விடுகிற இடம். கடைசியாக வடித்த பிறகும் பிளாக்கில் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதி கலந்து வருகிற ரெடிமேட் கூலன்ட்டை ஊற்றினால் என்ன ஆகும்? மொத்தம் 5 லிட்டர், உள்ளே 2.5 தண்ணீர், மேலே 2.5 ரெடிமேட். கூலன்ட் கால்வாசிதான். அதனால் கழுவிய காருக்கு முதலில் தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும், 2.5 லிட்டர் தண்ணீருக்கு 2.5 லிட்டர் கெட்டி, சரியாகப் பாதிக்குப் பாதி. பிறகு குறைகிற இடத்துக்கு ரெடிமேட்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ரோஸ், சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடுகிற சாயம்தான். ஜப்பான் காருக்கு சிலிகேட் இல்லாத பாஸ்பேட் வகை, டப்பாவில் பார்த்து வாங்குங்கள். டொயோட்டாவின் ரோஸ் கூலன்ட்டுக்கு முதல் மாற்று 160,000 கிலோமீட்டர், அதன் பிறகு 80,000-க்கு ஒரு தடவை. அந்தக் கணக்கு வேறு எதுவும் கலக்காமல் இருந்தால்தான். உங்களுடையது கலந்தாகிவிட்டது.

காற்று நிற்கும், அதையும் எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டி, குமிழி நின்று, ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை பாருங்கள். அமெரிக்க வீடியோக்களில் ஹீட்டரை முழுக்கத் திருப்பு என்பார்கள், இங்கே விற்கிற பல சின்ன கார்களில் ஹீட்டரே கிடையாது, தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கெப்போங்_அக்கா
ஞாயிறு, மதியம் 3:11

வடித்த கூலன்ட்டை வீட்டுக்கு முன்னால் திறந்த வாளியில் விட்டுவிடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் போய்விடும். எங்கள் தாமானில் ஒரு பூனை அப்படித்தான் போனது. கியர் எண்ணெயை லொங்காங்கில் (சாக்கடை) ஊற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள், பழைய எண்ணெய் இங்கே சட்டப்படி பட்டியலிட்ட கழிவு. பாட்டிலில் பிடித்துப் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு அதை எடுத்துப்போக லாரி வரும்.

பூச்சோங்77
ஞாயிறு, மாலை 6:45

கூலன்ட்டில் பிறை அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், கியர் எண்ணெயையும் கூலன்ட்டையும் ஒரே நாளில் மாற்றுவதற்கு முன்னால் பாருங்கள். ஆட்டோ கார்களில் பலவற்றுக்கு கியர் எண்ணெயைக் குளிர வைக்கிற கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேதான் இருக்கிறது. ஒரு மெல்லிய தகடு, ஒரு பக்கம் கூலன்ட், ஒரு பக்கம் கியர் எண்ணெய். வருடக்கணக்கில் துருத் தண்ணீர் ஓடினால் அந்தத் தகடு அரிக்கும். அரித்தால் இரண்டும் கலந்து பண்டுங் (ரோஸ் சிரப் கலந்த பால்) மாதிரி ரோஸ் நுரையாகும். டிப்ஸ்டிக்கிலோ ரேடியேட்டர் மூடியிலோ பண்டுங் நிறத்தைப் பார்த்தால் காரை ஸ்டார்ட் கூடச் செய்யாதீர்கள், தூக்கிக்கொண்டு வாருங்கள். கூலன்ட் பட்டால் கிளட்ச் பிளேட்டின் பசை விட்டுவிடும், அதற்குப் பிறகு எந்த ஃபிளஷும் காப்பாற்றாது. எண்ணெய் மாற்றாமல் செத்த கியர்பாக்ஸ்களுக்கு நடுவில், கூலன்ட் மாற்றாமல் செத்தவையும் உண்டு.

செந்தூல்வாசி
ஞாயிறு, மாலை 7:20

பண்டுங் இல்லை, சாணிதான். இவ்வளவு சந்தோஷமாகச் சாணி என்று நான் எழுதியதே இல்லை.

செந்தூல்வாசி
அடுத்த ஞாயிறு, இரவு 8:55

செய்தாகிவிட்டது. சித்தப்பா வீட்டு போர்ச்சில், அவரும் நானும், காலை 8 மணியிலிருந்து. பட்டறையில் பான் கழற்றச் சொன்னால் "மெஷின் இருக்கும்போது அதெல்லாம் பழைய முறை" என்றார்கள், அதனால் நாங்களே இறங்கினோம். ஜாக் மட்டும் நம்பாமல் நான்கு ஸ்டாண்டும் வைத்துத்தான்.

வடிகால் போல்ட்டைத் திறந்ததும் வந்தது கோப்பிஓ (பாலில்லாத கறுப்புக் காப்பி). தீய்ந்த வாடை கொஞ்சம் இருந்தது, கருகல் இல்லை. பானை இறக்கும்போது ஓரத்திலிருந்து அரை லிட்டர் சித்தப்பாவின் கைக்குள் போனது, அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வடிந்ததை மினரல் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்தேன், கொட்டியதைச் சேர்க்காமல் 2.7 லிட்டர். காந்தங்கள் மேல் சாம்பல் நிறக் களிம்பு, முள்ளம்பன்றி மாதிரி நின்றது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், கண் மை போல வழுவழு என்று, எங்கேயும் குத்தவில்லை. பான் அடியில் கருப்புப் படிவு ஒரு தாள் கனத்துக்கு. ஃபில்டரைக் குலுக்கினால் உள்ளேயிருந்து கருப்பாகச் சொட்டியது. மெஷின் போட்டிருந்தால் இது எல்லாம் அங்கேயே இருந்திருக்கும் என்று சித்தப்பா மூன்று தடவை சொன்னார்.

3 லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, எல்லா கியரிலும் ஒரு சுற்று போய், பத்துமலை வரை போய்த் திரும்பி, சூட்டில் டிப்ஸ்டிக் பார்த்தோம். ஹாட் கோட்டுக்குக் கீழே ஒரு நூல், 200 மில்லி சேர்த்தோம். நிறம் இன்னும் சிவப்பில்லை, பழுப்புச் சிவப்பு. அக்காவின் 42 விழுக்காடு கண்ணுக்குத் தெரிகிறது.

கூலன்ட் ஆறு தடவை ஆனது. ஆறாவதில்தான் வாளியின் அடி தெரிந்தது.

பிறை_பட்டறை
அடுத்த ஞாயிறு, இரவு 9:40

களிம்பு வழுவழு என்றால் நல்ல செய்தி, அது 148,000-க்கு இருக்க வேண்டிய தேய்மானம்தான். ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ இரும்பு வந்திருந்தால் வேறு பேச்சு. வடிகால் போல்ட்டின் வாஷர் புதிதா பழையதா? பான் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத்தானே முறுக்கினீர்கள்?

செந்தூல்வாசி
அடுத்த ஞாயிறு, இரவு 9:52

குறுக்கும் நெடுக்கும்தான். வாஷர்... பழையது. இப்போது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன், கீழே வைத்த அட்டையில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குக் கறை.

பிறை_பட்டறை
அடுத்த ஞாயிறு, இரவு 9:58

மறுபடி முறுக்காதே, மரை போய்விடும். இரண்டு நாள் லெவல் பார்த்துக்கொண்டே ஓட்டு, புது வாஷர் வாங்கி வை. அதைப் போட எப்படியும் போல்ட்டைத் திறக்க வேண்டும், ஆயிரம் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் இரண்டாவது வடிப்பை அன்றைக்கே முடித்துவிடு.

ஜெலுத்தோங்_பையன்
அடுத்த ஞாயிறு, இரவு 10:03

அண்ணே, என்னுடையது சிவிடி. 90,000. நானும் திறக்கட்டுமா?

பிறை_பட்டறை
அடுத்த ஞாயிறு, இரவு 10:06

நீ தனி இழை போடு. முதலில் ஊற்றுகிற வாய் எது என்று கண்டுபிடித்து, அந்தப் போல்ட் கழறுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வடிகாலைத் தொடு. போன மாதம் ஒருவர் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.